ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றும் உரிமை

மடிக்கணினி என்னும் யந்திரத்தின் அவயவங்கள் யாவும் ஒரே சமயத்தில் மூப்படைவதில்லை. திரையும் கீபோர்டும் மதர்போர்டும் எட்டு வருஷம், பத்து வருஷம் என்று குறையின்றி உழைத்துக்கொண்டிருக்கையில், அவற்றுக்கெல்லாம் முன்பாகவே களைத்துப்போகும் உறுப்புகள் இரண்டு உண்டு. ஒன்று பேட்டரி, மற்றொன்று ஹார்ட் டிஸ்க். பேட்டரி தளர்ந்தால் சௌகரியம் குறைகிறதேயன்றி வேறு பெரிய நஷ்டம் இல்லை. ஹார்ட் டிஸ்க் தளர்ந்தாலோ, உடையவர் எழுதிய கடிதங்களும், வரவு செலவுக் கணக்குகளும், குழந்தைகளின் புகைப்படங்களும், பாதி எழுதி வைத்த ஆராய்ச்சியும் ஒருங்கே ஆபத்துக்குள்ளாகின்றன. ஆகவே எந்த உறுப்பு நிச்சயமாகத் தேயுமோ, எந்த உறுப்பில் மனிதனுடைய வாழ்க்கை விவரங்களே பதிந்து கிடக்கின்றனவோ, அந்த உறுப்பை மற்ற எதையும்விட எளிதாகக் கழற்றி எடுக்கும்படி யந்திரத்தை அமைப்பதுதான் நியாயம். இந்த நியாயம் சென்ற இருபது வருஷங்களாகப் படிப்படியாகக் கைவிடப்பட்டு வந்திருக்கிறது என்பதும், அதைச் சட்டத்தின் துணைகொண்டும் வாங்குவோரின் பலத்தைக்கொண்டும் மீட்டுக்கொள்ள வேண்டும் என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம்.

ஐ.பி.எம். நிறுவனம் கலிபோர்னியாவிலுள்ள சான் ஓசே நகரில் உருவாக்கி 1956-ம் வருஷம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க், இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகளை ஓர் அச்சில் அடுக்கி, ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையுடன் அலமாரியைப் போல நின்றது. அத்தனை பெரிய சரீரத்துக்குள் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகளே. அதன் சந்ததியில் வந்த இரண்டரை அங்குல டிஸ்க், உள்ளங்கையில் அடங்கும் உருவத்தில் அதைப்போல லட்சம் மடங்கு விஷயத்தைத் தாங்கிக்கொண்டு, நிமிஷத்துக்கு 5,400 தடவை ஓயாமல் சுழல்கிறது. சுழலும் தட்டுக்கு மேலே எழுதுமுனையானது சில நானோமீட்டர் உயரத்தில், கண்ணுக்குப் புலப்படாத தூசித் துகள்கூட நுழைய இடமில்லாத நெருக்கத்தில், காற்றின் பலத்தால் மிதந்துகொண்டிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது யந்திரத்தைச் சற்று அதிர்ச்சியாக மேஜைமேல் வைத்தால் முனை தட்டில் உரசிவிடக்கூடும். அதிர்ச்சி ஏதும் இல்லாவிட்டாலும் வருஷக்கணக்கில் சுழன்ற பேரிங் தானாகவே தேய்கிறது. பழுதடையும் காலம் நெருங்கிய டிஸ்க் பல சமயங்களில் டிக் டிக் என்று சப்தித்து முன்கூட்டியே எச்சரிக்கவும் செய்கிறது. இப்போது அதன் ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவும் இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் அதன் நினைவுச் செல்களும் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் எழுதி அழிக்கப்படுவதைத் தாங்கமாட்டா, அதன் கட்டுப்பாட்டுச் சில்லு பழுதாகும்போது முன்னறிவிப்பாக ஒரு சப்தம்கூட எழுவதில்லை.

இப்படிப்பட்ட உறுப்பை மாற்றுவது ஒரு காலத்தில் வித்தை என்று சொல்லத்தக்க காரியமாக இருக்கவில்லை. திங்க்பேட் டி வரிசையில் டி-20 முதல் டி-60 வரை வந்த மடிக்கணினிகளில், அடிப்புறத்திலுள்ள ஒரே ஒரு ஸ்க்ரூவை நீக்கிப் பக்கவாட்டு மூடியைப் பிடித்து இழுத்தால் டிஸ்க்கும் அதனோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். அந்த யந்திரங்களைப் பிரிக்கவும் சேர்க்கவும் வேண்டிய முறைகளைப் படத்துடன் விளக்கும் கையேட்டையும், யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம் என்று பகிரங்கமாகவே வெளியிட்டிருந்தார்கள். ஆப்பிள் நிறுவனம் தொழில் செய்வோருக்கென்று 1990-களின் இறுதியில் விற்ற பவர்புக் ஜி-3 யந்திரங்களிலும், கீபோர்டின் இரண்டு பிடிகளை விலக்கித் தூக்கினாலே உள்ளுறுப்புகள் கண்ணுக்குத் தெரியும்.

அதே நிறுவனம் அதே காலத்தில் மாணவர்களுக்கும் குடும்பங்களுக்கும் என்று குறைந்த விலையில் விற்ற ஐபுக் மடிக்கணினி இதற்கு நேர்மாறானது. 2003-ம் வருஷம் வந்த ஐபுக் ஜி-4 யந்திரத்தின் டிஸ்க்கை மாற்ற விரும்பியவர், பேட்டரியை எடுத்து, கீபோர்டைத் தூக்கி, வயர்லெஸ் கார்டைக் கழற்றி, யந்திரத்தைக் கவிழ்த்து, அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் ரப்பர்க் கால்களைப் பெயர்த்து, அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்களையும் பேட்டரிக் குழிக்குள் இருக்கும் அறுகோண ஸ்க்ரூக்களையும் நீக்கி, உள்ளே கவ்வியிருக்கும் கிளிப்புகள் முறியாதபடி வெள்ளைப் பிளாஸ்டிக் மூடியை மெல்ல நெம்பி எடுத்து, அதன் கீழுள்ள உலோகக் கவசத்தை அகற்றி, மறுபடியும் யந்திரத்தை நிமிர்த்தி, மேல்மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, பவர் பட்டனிலிருந்து மதர்போர்டுக்குச் செல்லும் மெல்லிய ஒயரை விடுவித்து, மேல் கவசத்தையும் நீக்கிய பிற்பாடுதான், உபயோகிப்பவரின் இடது உள்ளங்கை சாய்ந்திருக்கும் இடத்துக்கு நேர் கீழே படுத்திருக்கும் டிஸ்க்கைக் காணமுடியும். கூரையில் உடைந்த ஓர் ஓட்டை மாற்றுவதற்காக வீட்டின் கைமரங்கள் அத்தனையையும் இறக்கி வைப்பதற்கு ஒப்பான காரியம் அது.

இந்த வேலையில் கை தேர்ந்தவர்களின் வழக்கங்களைக் கவனித்தால், அதிலுள்ள சிரமம் எத்தகையதென்று விளங்கும். ஸ்க்ரூக்கள் டஜன் கணக்கில் இருப்பதோடு ஒன்றின் நீளம் மற்றொன்றுக்கு இல்லை. குட்டையான ஸ்க்ரூ இருந்த துவாரத்தில் நீளமானதை முடுக்கினால் அது உள்ளே எதையாவது குத்திக் கெடுத்துவிடும். அதனால் அவர்கள் ஒரு வெள்ளைத்தாளில் யந்திரத்தின் உருவத்தைக் கோடாக வரைந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது வந்த இடத்திலேயே தாளின்மீது ஒட்டிவைக்கிறார்கள். மூடியை நெம்புவதற்கு இரும்புக் கருவியை எடுக்காமல், கீறல் விழாதபடி கிடார் வாசிக்கும் பிக்கையோ காலாவதியான ஏ.டி.எம். கார்டையோ நுழைக்கிறார்கள். உடம்பில் தேங்கியிருக்கும் மின்சாரம் சில்லுகளைத் தாக்காதிருக்க, பூமியோடு இணைந்த உலோகத்தைத் தொட்ட பின்பே உள்ளே கை வைக்கிறார்கள். ஐபுக்கின் பவர் பட்டன் ஒயரைப் பொறுத்தவரையில், அதைப் பதற்றத்துடன் இழுத்தால் ஒயருக்குப் பதிலாக அது செருகியிருக்கும் ஸாக்கெட்டே மதர்போர்டிலிருந்து பெயர்ந்துவிடும் என்பது பழுதுபார்ப்போர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட எச்சரிக்கை. சென்னை ரிச்சி தெருவின் சிறு கடைகளில், மேஜை விளக்கின் கீழே குனிந்தபடி இத்தனை ஜாக்கிரதையையும் நாள் முழுவதும் கடைப்பிடிக்கும் இளைஞர்களின் சாமர்த்தியத்துக்கு நாம் போதிய மரியாதை செலுத்துவதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கலிபோர்னியாவிலுள்ள சான் லூயிஸ் ஒபிஸ்போ நகரின் பாலிடெக்னிக் சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த கைல் வீன்ஸ் என்னும் மாணவர், தம்முடைய பழுதான ஐபுக் ஒன்றைத் திறக்க முற்பட்டபோது, அதற்குரிய கையேடு பொதுமக்களுக்குக் கிடைக்காது என்பதைக் கண்டார். அந்த அனுபவத்திலிருந்து அவரும் லூக் சோல்ஸ் என்ற சகமாணவரும் சேர்ந்து 2003-ல் ஐஃபிக்ஸ்இட் என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். உதிரிப்பாகங்களை விற்றுக்கொண்டே, யந்திரங்களைப் பிரிக்கும் முறையைப் படிப்படியாகப் புகைப்படம் எடுத்து எவரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட்டார்கள். பழுதுபார்க்கும் உரிமை என்று இன்று உலகமெங்கும் பேசப்படும் இயக்கத்தின் வேர்களில் ஒன்று, திறப்பதற்கு அரிதாக இருந்த ஒரு மடிக்கணினியே என்பதை எண்ணிப் பார்க்கும்போது, கஷ்டத்திலிருந்துதான் சில நல்ல காரியங்கள் பிறக்கின்றன என்ற ஆறுதல் உண்டாகிறது.

ஆறுதலுக்குக் காரணம் இன்னும் ஒன்றிருந்தது. ஐபுக்கின் இடத்தில் 2006-ல் வந்த மேக்புக்கில், பேட்டரியை எடுத்துவிட்டு ஓர் உலோகத் தகட்டை நீக்கினால் டிஸ்க்கைப் பிடித்து வெளியே இழுத்துவிடலாம். 2008-ன் அலுமினிய மேக்புக்கில் ஒரு தாழ்ப்பாளைத் தூக்கினாலே பேட்டரியும் டிஸ்க்கும் தெரிந்தன. திறக்க அரிதாக இருந்த யந்திரத்தை எளிதாக்க அந்த எஞ்சினீயர்களால் முடிந்தது. முடியும் என்று காட்டியும் விட்டார்கள். அதற்குப் பின் காற்று திசை மாறியது. 2010-ன் மேக்புக் ஏரில் அடிமூடியைச் சாதாரண ஸ்க்ரூ டிரைவருக்கு அடங்காத ஐந்திதழ் ஸ்க்ரூக்கள் பிடித்துக்கொண்டன. 2012-ல் வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோவில் ராம் மதர்போர்டோடு ஒன்றாகிவிட்டது, பேட்டரி பசைவைத்து ஒட்டப்பட்டது, எஸ்.எஸ்.டி. கழற்றத்தக்கதாக இருந்தும் கடையில் கிடைக்கும் வேறெதுவும் பொருந்தாத தனி வடிவத்தில் அமைந்தது. 2015-ன் 12 அங்குல மேக்புக்கில் எஸ்.எஸ்.டி.யும் மதர்போர்டிலேயே சால்டர் வைக்கப்பட்டது.

2016-ல் டச் பார் உள்ள மேக்புக் ப்ரோவிலும் அவ்வாறே செய்தார்கள். ஆயினும் அந்த மதர்போர்டில் சிறியதொரு இணைப்பு வாயிலையும் வைத்திருந்தார்கள். யந்திரம் செத்துப்போனாலும் நிறுவனத்தின் சேவை நிலையத்தார் ஒரு விசேஷக் கருவியை அதில் பொருத்தி, உள்ளே சிறைப்பட்டிருக்கும் கோப்புகளை மீட்டுத் தர அது உதவிற்று. உடையவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்ட பிறகும், ஆபத்துக் காலத்துக்கென்று ஒரு ஜன்னலையாவது விட்டுவைக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது யாரோ ஓர் எஞ்சினீயரின் மனத்தில் இருந்திருக்கிறது. 2018-ல் வந்த யந்திரங்களில் அந்த வாயிலும் இல்லை.

இதன் விளைவு காகிதத்தில் படிக்கும்போது தோன்றுவதைவிடக் கொடியது. நானறிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், தம் ஜில்லாவின் கிராமங்களில் மூதாட்டிகள் பாடக் கேட்டுப் பல வருஷங்களாகத் திரட்டிய தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் ஒரு மடிக்கணினியில் சேர்த்து வைத்திருந்தார். மழைக்காலத்தில் கூரையிலிருந்து ஒழுகிய தண்ணீர் அதன் மதர்போர்டைக் கெடுத்துவிட்டது. நினைவுச் சில்லுகளில் சேதம் இருப்பதாகத் தெரியவில்லை என்று பழுதுபார்ப்பவர் சொன்னார். ஆனால் அவை செத்துப்போன போர்டோடு சால்டர் வைக்கப்பட்டிருந்தபடியால் எடுக்க வழியில்லை. பாடியவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை. பழைய மாதிரி டிஸ்க்காக இருந்திருந்தால், அதைக் கழற்றிச் சில நூறு ரூபாய்ப் பெறுமானமுள்ள ஓர் உறைக்குள் செருகி, வேறொரு கணினியில் யு.எஸ்.பி. வழியாக இணைத்துப் பாடல்களைப் பிரதி செய்துகொண்டிருக்கலாம். அவர் முன்னமே பிரதி எடுத்து வைத்திருக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. எடுத்திருக்க வேண்டியதுதான், எல்லோரும் எடுக்க வேண்டியதுதான். ஆனால் ஒரு மனிதனின் அஜாக்கிரதைக்குத் தண்டனையாக அவனுடைய சொத்து முழுவதும் பறிபோகும்படி ஒரு பொருளை அமைப்பது தகுமா?

கழற்றத்தக்க டிஸ்க்கினால் வேறொரு நன்மையும் உண்டு. பலரும் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. யந்திரத்தைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது டிஸ்க்கை மட்டும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, திரையையோ கீபோர்டையோ சரிசெய்யும்படி வெறும் யந்திரத்தைக் கொடுத்துவிடலாம். கனடாவிலுள்ள குவெல்ஃப் சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வுக்காக ஒண்டாரியோ மாகாணத்தின் பழுதுபார்ப்புக் கடைகளில் மடிக்கணினிகளை ஒப்படைத்துவிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பதிவுசெய்து பார்த்தார்கள்; ஆறு இடங்களில் ஊழியர்கள் வாடிக்கையாளரின் அந்தரங்கக் கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள், அவற்றுள் இரண்டில் பிரதியும் எடுத்திருந்தார்கள். கடைக்காரர்கள் பெரும்பாலும் யோக்கியர்கள் என்பதே என் அனுபவம். ஆயினும் ஒரு பெண் தன் புகைப்படங்களையும் கடிதங்களையும் அந்நியரிடம் ஒப்படைத்துவிட்டு இரவெல்லாம் கவலைப்பட வேண்டிய நிலையை, இரண்டு ஸ்க்ரூக்களால் தவிர்க்க முடியுமானால், அந்த இரண்டு ஸ்க்ரூக்களை மறுப்பதற்கு எந்த அழகுணர்ச்சியும் போதிய காரணமாகாது.

உற்பத்தியாளர்கள் சொல்லும் சமாதானங்களைக் கேளாமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது. மெலிதாக இருக்க வேண்டும் என்று வாங்குவோரே ஆசைப்படுகிறார்கள் என்கிறார்கள், அது மெய்தான். ஆனால் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017-ல் வெளியிட்ட சர்ஃபேஸ் லேப்டாப்பை, ஒட்டிய துணியைக் கிழிக்காமல் திறக்கவே இயலாதென்று ஐஃபிக்ஸ்இட் பத்துக்குப் பூஜ்யம் மதிப்பெண் போட்டது. இரண்டே வருஷங்களில் அந்த வரிசையின் மூன்றாவது யந்திரம், ரப்பர்க் கால்களுக்கடியில் சில ஸ்க்ரூக்களுடன், மேற்பகுதி முழுவதும் தூக்கத்தக்கதாகவும் எஸ்.எஸ்.டி. கழற்றத்தக்கதாகவும், மெலிவு குறையாமலே வந்தது. 2021-ல் ஃபிரேம்வொர்க் என்னும் சிறு நிறுவனம், ஐந்து ஸ்க்ரூக்களைத் தளர்த்தினால் திறக்கும் மெல்லிய மடிக்கணினியை, அதற்கு வேண்டிய ஸ்க்ரூ டிரைவரையும் பெட்டியிலேயே வைத்து விற்றது. திருட்டுப்போனால் தகவல் பிறர் கைக்குப் போகாமலிருக்க வேண்டும் என்ற மற்றொரு காரணத்துக்கு நான் தலைவணங்குகிறேன். அதற்குக் குறியாக்கம் வேண்டும், ஆனால் அதன் மீட்புச் சாவி உடையவரிடத்தில் இருக்கவேண்டும். சால்டர் அதற்கு அவசியமில்லை. உற்பத்தியாளர்களின் இப்படிப்பட்ட சமாதானங்களையெல்லாம் ஆராய்ந்த அமெரிக்க வர்த்தகக் கமிஷன், பழுதுபார்ப்பைத் தடைசெய்வதற்குப் போதிய ஆதாரம் மிகச் சொற்பமே என்று 2021 மே மாதம் அந்நாட்டுக் காங்கிரஸுக்கு அறிக்கை கொடுத்தது.

பிறதேசங்களில் சட்டம் நகரத் தொடங்கிவிட்டது. பிரான்ஸில் 2021 ஜனவரி முதல் மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்கள் பழுதுபார்ப்பு மதிப்பெண்ணைத் தாங்கியே கடைக்கு வருகின்றன. ஐரோப்பிய யூனியன் 2024-ல் இதற்கென ஓர் ஆணையையே நிறைவேற்றியது. நம் தேசத்தில் 2022 டிசம்பர் 24-ந் தேதி மத்திய நுகர்வோர் இலாகா பழுதுபார்ப்பு உரிமைக்கான தளம் ஒன்றைத் தொடங்கிற்று. பழுதுபார்ப்புக் குறியீட்டை வகுக்க 2024-ல் அமைத்த குழுவும் 2025 மே மாதம் அறிக்கை அளித்திருக்கிறது. பிரிப்பதற்கு எத்தனை படிகள், எவ்வகை ஸ்க்ரூக்கள், எவ்வகைக் கருவிகள், உதிரிப்பாகம் எப்போது கிடைக்கும் என்பவற்றை அளக்கச் சொல்லும் அந்தச் சிபாரிசுகள் வரவேற்கத்தக்கவை. ஆனால் முதல் வரிசையில் கைபேசியையும் டேப்லெட்டையும் வைத்தவர்கள், மாணவனின் படிப்பும் குமாஸ்தாவின் பிழைப்பும் தங்கியிருக்கும் மடிக்கணினியைப் பின்னால் நிறுத்திவிட்டது எனக்கு வருத்தமளிக்கிறது. 2022-ல் உலகம் குவித்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறைப்படி மறுசுழற்சிக்குப் போனது கால்பங்குக்கும் குறைவு என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கை சொல்லும்போது, காத்திருக்க அவகாசம் ஏது?

சட்டம் வரும்வரை கைகட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பெருவாரியாக வாங்குபவனின் சொல்லுக்குச் சட்டத்துக்கு நிகரான பலம் உண்டு. 2012-ம் வருஷம் ஆப்பிள் நிறுவனம் தன் கணினிகளை ஈபீட் என்னும் சுற்றுச்சூழல் தரச்சான்றிலிருந்து விலக்கிக்கொண்டது. சாதாரணக் கருவிகளால் பிரிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது அச்சான்றின் விதிகளில் ஒன்று. அச்சான்றில்லாத கணினிகளைத் தன் அலுவலகங்களுக்கு இனி வாங்குவதற்கில்லை என்று சான் ஃபிரான்சிஸ்கோ நகர நிர்வாகம் அறிவித்தது. நிறுவனமும் சில தினங்களுக்குள்ளேயே தன் முடிவை மாற்றிக்கொண்டு சான்றுக்குத் திரும்பிற்று. கதை அத்துடன் முடியவில்லை. பசைவைத்து ஒட்டிய பேட்டரியுடன் கூடிய அந்த ரெட்டினா யந்திரமும் பிற்பாடு அதே சான்றைப் பெற்றது. விதியின் வாசகம் அதற்கு இடமளிக்கும் அளவுக்கு நெகிழ்ந்திருந்தது. நகரத்தின் உறுதி வென்றது, வாசகத்தின் தளர்ச்சியால் அந்த வெற்றி பாதியாயிற்று.

இந்த இரண்டு பாடங்களும் தமிழக அரசாங்கத்துக்கு இன்று நேரடியாகப் பொருந்துகின்றன. 2011 முதல் பள்ளி மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி வழங்கிய அனுபவம் நம் ராஜ்யத்துக்கு உண்டு. 2025-26-ம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்திலும், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட்டோ மடிக்கணினியோ தரும் ஏற்பாட்டுக்கு முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியதாக அறிவித்தார்கள். இத்தனை பெரிய வாடிக்கையாளர் கேட்பதை எந்த நிறுவனமும் அலட்சியம் செய்யாது. ஆகையால் இனி வெளியிடும் ஒவ்வொரு மடிக்கணினி டெண்டரிலும், பழுதுபார்க்க எளிதாக இருக்க வேண்டும் என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், எஸ்.எஸ்.டி. மதர்போர்டில் சால்டர் வைக்கப்படாமல் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் பொது வடிவத்தில் ஸாக்கெட்டில் செருகியிருக்க வேண்டும், அடிமூடியைச் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரால் திறக்க முடியவேண்டும், பேட்டரி இணைப்பைத் துண்டிப்பதன்றி வேறெந்த உறுப்பையும் அகற்றாமல் எஸ்.எஸ்.டி.யை எடுக்க முடியவேண்டும், மாணவர் தாமே அதைக் கழற்றினாலும் வாரண்டி ரத்தாகாது என்று நிறுவனம் எழுதிக்கொடுக்க வேண்டும் என்று அளவிடத்தக்க சொற்களில் எழுதவேண்டும். விலைப்புள்ளிகளைப் பிரிப்பதற்கு முன்பாக, ஒவ்வொரு நிறுவனமும் கொடுத்த மாதிரி யந்திரத்தை அந்த நிறுவனத்தோடு சம்பந்தமில்லாத ஓர் ஐ.டி.ஐ. மாணவரிடம் அதிகாரிகள் முன்னிலையில் கொடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தி யந்திரத்தை மறுபடி இயக்கிக் காட்டச் செய்து, அந்தப் பரீட்சையில் தேறாத யந்திரத்தின் விலைப்புள்ளியைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிட வேண்டும்.